ஹட்டன் மண்டபத்தில் நீ விட்டுக்கொடுத்த ஆட்டம்

சிவனு,

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதும் கடிதம் இல்லை இது. ஏழு வருஷமாக நீ அம்மா பேருக்குத்தான் கடிதம் போடுகிறாய். அவளுக்கு எழுத்து தெரியாது. பிரித்து வாசித்துக் காட்டுகிறவன் நான்தான் என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் என்னைப் பற்றி ஒரு வரிகூட அதில் எழுதாமல் விடுகிறாய் என்பது எனக்கும் தெரியும். பதில் எழுதுவதும் என் கைதான். 'சளி புடிக்காமப் பாத்துக்கச் சொல்லுங்க' என்பாள், எழுதுவேன். 'நல்லா சாப்புடச் சொல்லுங்க' என்பாள், அதையும் எழுதுவேன். என் சார்பில் ஒரு சொல் சேர்த்ததில்லை. இன்றைக்கு அவள் கொழுந்தெடுக்கப் போயிருக்கிறாள். கிளப்பில் ஒரு துரையும் இல்லை. ஆடி மழை விடாமல் கொட்டுகிறது. இந்தக் கடிதத்தை நானே எனக்காக எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கொழும்பு மண்டபத்தில் என்னைப் பார்த்ததும் உன் முகம் வெளுத்துப்போனது. நான் அதைவிடப் பெரிய அதிர்ச்சியோடு அங்கே வந்திருந்தேன். உன்னிடம் சொல்ல வந்ததைச் சொல்லாமலே ரயிலுக்கு ஓடிவிட்டேன். முந்தாநாள் கிளப்பில் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை உடைத்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷ வேலையில் நான் எதையும் உடைத்ததில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்.

டிக்கோயாப் பக்கத்தில் துரைமார் கிளப்பில் நான் மார்க்கர். பிலியர்ட்ஸ் ஆட்டத்துக்குப் புள்ளி போடுவது, டென்னிஸ் பந்து பொறுக்குவது, ஆடுவதற்கு ஜோடி இல்லாத துரைக்கு ஜோடியாக நிற்பது, இதுதான் வேலை. மழைக் காலத்தில் டென்னிஸ் கிடையாது என்பதால் பின் விறாந்தையில் பிங்பாங் மேசையைப் போட்டு ஆடுவார்கள். அப்படி நின்று நின்றுதான் எனக்கு அந்த ஆட்டம் பிடிபட்டது. ஆடத் தெரிந்துகொண்டதைவிட நன்றாகத் தோற்கத் தெரிந்துகொண்டேன். துரையை ஜெயிக்கக் கூடாது. பந்தை வலையில் அடித்துப் பச்சையாகத் தோற்கவும் கூடாது, அவருக்குக் கோபம் வரும். அவருடைய வலது கை மூலைக்கு, அரைச் சாண் உயரம் கூட்டி, வேகத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பந்தை வைக்க வேண்டும். அவர் ஓங்கி அடிப்பார். நான் எட்டாத மாதிரி ஓடிப்போய், 'குட் ஷாட் சார்' என்று சொல்ல வேண்டும். துரை சந்தோஷமாகக் குளிக்கப் போவார். இதை நான் ஒரு வித்தையாகவே நினைத்திருந்தேன். உனக்குப் பதின்மூன்று வயதில், பாதி மேசையில் ஒருநாள் இதை உனக்குச் செய்தும் காட்டினேன். நீ சிரித்தாய். அப்பா எவ்வளவு கெட்டிக்காரர் என்று சிரித்ததாக நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பாதி மேசை வந்த கதை நினைவிருக்கிறதா? மழைச் சாரல் பட்டுப் பட்டு கிளப் மேசையின் ஒரு பாதி நெளிந்துபோனது. புது மேசை வந்ததும் பழையதை விறகுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நெளியாத பாதியை நானும் கிளப் சமையல்காரர் அந்தோணியும் தூக்கிப் போய் டென்னிஸ் தரையைச் சமப்படுத்தும் உருளை நிற்கும் கொட்டகையில் சுவரோடு ஒட்டிப் போட்டோம். வலை இருக்க வேண்டிய உயரத்துக்குச் சுவரில் சுண்ணாம்புக் கோடு. எதிராளி அடிப்பதைவிட இரண்டு மடங்கு சீக்கிரம் பந்து சுவரிலிருந்து திரும்பி வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆயிரம் அடி. ஐந்நூறு உள்ளங்கைப் பக்கம், ஐந்நூறு புறங்கைப் பக்கம். ஒன்று தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. துணி காயப்போடும் கயிற்றை உன் நெற்றி உயரத்தில் கட்டி, அதற்குக் கீழே குனிந்தபடியே பக்கவாட்டில் ஓடச் சொன்னேன். நிமிர்ந்தால் கயிறு முகத்தில் அறையும். கால் வலுவுக்கு டென்னிஸ் உருளையை இழுக்க வைத்தேன். அம்மா ஒருநாள் பார்த்துவிட்டு, 'மாட்டக் கட்டி இழுக்குறத மகனக் கட்டி இழுக்க வக்கிறீங்களே' என்று அழுதாள். நான் கேட்கவில்லை. நான் தோற்றுக்கொடுத்த ஆட்டங்களையெல்லாம் உன்னை வைத்து ஜெயித்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு. அதை நான் அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

பதினேழு வயதில் மலைநாட்டுத் தகுதிப் போட்டியில் நீ ஜெயித்தாய். ஹட்டன் மண்டபத்தில் கிளாக்கர்மார், வாத்தியார்மார், கடைக்காரர்கள் எல்லோரையும் வரிசையாகத் தோற்கடித்தாய். ஜெயித்த ஒருவருக்குத்தான் கொழும்பில் தேசியப் போட்டியில் ஆட இடம். ஆனால் கொழும்பில் முதல் சுற்றிலேயே உன்னை உருட்டிவிட்டார்கள். நம் மலையில் மேசையின் கோடியில் போய் விழும் உன் அடி அங்கே வலையிலேயே விழுந்தது. நீ மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்றுகூட நினைத்தேன். திரும்பி வரும் வழியில் கினிகத்தேனையில் பஸ் நின்றபோது, அங்கே கடை வைத்திருந்த ராவுத்தர் முதலாளிதான் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு இந்த ஆட்டத்தில் அப்படி ஒரு பைத்தியம். அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் முழு மேசை ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்.

"மார்க்கரே, ஒங்க மலையில காத்து லேசு. கீழ எறங்க எறங்க காத்து கனம். பந்து அங்க நீந்தியில்ல போவணும்? வெரசா எறங்கிரும்" என்றார். "தம்பிய இங்க அனுப்புங்க. கொழும்பு அளவுக்கு இல்லாட்டியும் பாதிக் கொழும்பு இங்க இருக்கு."

அடுத்த ஒரு வருஷம் சனி ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி கினிகத்தேனைக்கு இறங்கினாய். அங்கே புழுக்கத்தில் கை வேர்த்து மட்டை வழுக்க, பிடியில் துணி சுற்றிக்கொண்டாய். ராவுத்தரின் தம்பி எதையும் வெட்டி வெட்டித் திருப்பிப் போடுகிற ஆள். ஒரு புள்ளிக்கு முப்பது நாற்பது அடி ஆட வேண்டியிருக்கும். அவரோடு ஆடி ஆடி உனக்குப் பொறுமை வந்தது. மலையில் ஒரு அடி, கீழே ஒரு அடி என்று உன் கைக்கு இரண்டு அளவும் தெரிந்துவிட்டது. அந்த வருஷம்தான் பக்கத்துத் தோட்டத்தில் பெரியதுரைக்குக் கீழே புதிதாக ஒரு சின்னத்துரை வந்தார். நம் கிளப்பில் சேர்ந்தார். சீமையில் கல்லூரிக்காக ஆடினவராம். அவர் மட்டையில் முட்கள் வைத்த ரப்பர் இல்லை, தடித்த பஞ்சு ரப்பர். பந்து பட்டால் சத்தமே வராது. என்னோடு ஆடியபோது நான் திகைத்து நின்றுவிட்டேன். அதுவரை பந்து படும் சத்தத்தை வைத்தே அது எவ்வளவு வேகமாக வரும், எப்படிச் சுழலும் என்று கண்டுபிடித்து ஆடிப் பழகியவர்கள் நாம். அந்த ஆண்டுத் தகுதிப் போட்டிக்கு அவரும் பேர் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்த அன்றே, உன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து ஆட வைத்தேன். அவர் மட்டை போகும் திசையை மட்டும் பார், காதை மறந்துவிடு என்றேன். இரண்டு மாதம் அப்படியே ஆடினாய். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் கேட்காது. அவள் வந்து தோளைத் தட்டுவாள்.

இனி நான் சொல்லப்போவதை நீ என் பக்கமிருந்து பார்த்ததில்லை. ஹட்டன் மண்டபத்தில் இறுதி ஆட்டம். நீயும் சின்னத்துரையும். ஆளுக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்து, ஐந்தாவது ஆட்டத்தில் பதினெட்டுக்குப் பதினாலு என்று நீ முன்னால் இருந்தாய். பஞ்சு மட்டையை நீ முழுசாகப் புரிந்துகொண்டுவிட்டாய் என்பது மண்டபத்துக்கே தெரிந்தது. தோட்டத்து ஆட்கள் சுவரோரம் நின்று கத்தினார்கள். துரைமார் முன் வரிசையில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது நீ ஒரு பந்தைச் சின்னத்துரையின் வலது கை மூலைக்கு, அரைச் சாண் உயரம் கூட்டி, வேகத்தை எடுத்துவிட்டு வைத்தாய். அவர் ஓங்கி அடித்தார். கை தவறிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த பந்தும் அதே இடம், அதே உயரம். மூன்றாவதும் அப்படியே வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. அது என் பந்து, சிவனு. இலங்கையிலேயே அந்தப் பந்து எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். இருபத்தொன்றுக்குப் பத்தொன்பதில் தோற்றாய். ஊரெல்லாம் பஞ்சு மட்டையைத்தான் குறை சொன்னது. நீ விட்டுக்கொடுத்தாய் என்று கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மண்டபத்துக்கு வெளியே, அத்தனை பேர் பார்க்க, உன் கன்னத்தில் அறைந்தேன். "எதுக்குடா வித்தே? தொரை என்னடா குடுக்குறேன்னான்?" என்று கேட்டேன். நீ கன்னத்தைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்துத் தோட்டத்து ஆபீசில் உனக்குக் கிளாக்கர் வேலை தருவதாகச் சின்னத்துரை ஆள் அனுப்பினார். பார்த்தாயா, கூலி வந்துவிட்டது என்று நான் சொன்னேன். நீ அந்த வேலைக்குப் போகவில்லை. ஒரு பையை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ரயில் ஏறினாய். வேலைக்கே போகாதவன் எப்படி விற்றிருப்பான் என்று யோசிக்கும் அளவு புத்திகூட அன்றைக்கு எனக்கு இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு ஓடுகிறான் என்று முடிவு கட்டினேன். அப்புறம் ஏழு வருஷம் அந்தச் சின்னத்துரைக்குச் சலாம் போட்டு, பந்து பொறுக்கிப் போட்டு, மனசுக்குள் அவரைச் சபித்துக்கொண்டே இருந்தேன்.

போன மாதக் கடைசியில், அவர் சீமைக்கே திரும்பிப் போகிறார் என்று சேதி வந்தது. இனி வரமாட்டாராம். கிளப்பில் கிடந்த தன் சாமான்களை எடுக்க ஒரு மத்தியானம் வந்தார். எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். அவர் போகாமல் பிங்பாங் மேசைப் பக்கம் போய் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். அவர்கள் பேசுகிற தமிழ் உனக்குத் தெரியுமே.

"மார்க்கர், ஒரு விசயம் சொல்லணும். ஒன் மகன் அந்த ஹட்டன் மேட்ச் எனக்குக் குடுத்தான்."

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"கடைசி ஏழு பால். நான் முட்டாள் இல்ல, எனக்குத் தெரியும். ஆனா நான் கேக்கல. யாரும் கேக்கல. ஏன் குடுத்தான்?"

"தெரியலீங்க தொரை."

"நீ அவன அடிச்சது நான் பாத்தேன். அப்பவே வந்து சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு, சொல்லல. அவனுக்கு ஆபீசுல வேல குடுத்தா சரியாப் போகும்னு நெனச்சேன். அதுவும் தப்பு."

அவர் கையை நெற்றியில் வைத்து எனக்குச் சலாம் போட்டார், சிவனு. ஒரு துரை மார்க்கருக்குச் சலாம் போட்டதை நான் பார்த்ததில்லை. கார் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். அந்தோணி வந்து, 'என்ன மார்க்கரே, ஒடம்புக்கு முடியலியா?' என்று கேட்டுப் பிடித்து உட்கார வைத்தார்.

அன்று சாயந்தரம் அம்மா வேலை விட்டு வந்து கூடையை இறக்கி வைத்தாள், கால்கூடக் கழுவவில்லை. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். "அந்த ஆளு கேக்கவே இல்லியாம். அப்ப இவன் எதுக்குத் தோத்தான்? எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"நீங்கதானங்க சொன்னீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"அன்னைக்கு விடியக்காலம். நான் அடுப்பு மூட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க கோட்டு மாட்டிக்கிட்டே சொல்லல? 'இவன் இன்னைக்குச் சின்னத்தொரைய ஜெயிச்சான்னா, நாளைக்கு நாம சட்டிபானையத் தூக்கிக்கிட்டு நடக்க வேண்டியதுதான், கிளப்பு வீடு நமக்கில்ல'ன்னு. அவன் சுவத்துக்கு அந்தப் பக்கம் பைப்படியில குளிச்சிக்கிட்டு இருந்தான். பலகைச் சுவருதான? அத்தனையும் கேட்டுட்டான்."

சொன்னேன். அவள் சொன்னதும் அந்த விடியற்காலம் முழுசாக என் முன்னால் வந்து நின்றது. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னேன், சிரித்துக்கொண்டே சொன்னேன். நீ ஜெயிக்கப்போகிறாய் என்பதில் எனக்கு அப்படி ஒரு நிச்சயம். அது என் பெருமை பேசிய பேச்சு, சிவனு. வேலை போகும் என்ற பயமும் அதற்குள் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ தோற்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. சொல்லி முடித்து வெளியே வந்ததும் மறந்துவிட்டேன். நீயோ ஈரத் தலையோடு அதைச் சுமந்துகொண்டு ஹட்டனுக்கு வந்திருக்கிறாய். நான்கு ஆட்டம் ஆடும்வரை அதோடு மல்லுக்கட்டியிருக்கிறாய். பதினெட்டுக்குப் பதினாலு என்று வந்தபோது, வீடு கையை விட்டுப் போகிறது என்று கண்டு, உனக்குத் தெரிந்த ஒரே வழியில் எங்களைக் காப்பாற்றியிருக்கிறாய். அதற்குத்தான் நான் உன்னை அறைந்தேன்.

"ஏழு வருசமா ஏன்டி சொல்லல?" என்று அம்மாவிடம் கத்தினேன்.

"அவன் தலையில கை வக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிட்டான். 'அப்பாவுக்குத் தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரும்மா'ன்னான். நீங்க அறைஞ்ச அன்னைக்கு ராத்திரியேதான் சொன்னான்."

அந்த வாரம்தான் உன் கடிதம் வந்திருந்தது. காலையில் காலிமுகத் திடலில் ஓடுகிறாய், வேலை முடிந்து கம்பனி மண்டபத்தில் இரண்டு பேர் மாறி மாறிப் பந்து போட இரண்டு மணி நேரம் அடிக்கிறாய், போட்டி முடியும்வரை பொரித்த எதையும் தொடுவதில்லை, மூன்று வருஷமாகக் கடைசிச் சுற்றில் கை நழுவிப் போகிறது, இந்த முறை எப்படியும் தகுதி பெற்றுவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று எழுதியிருந்தாய். மூன்று வருஷமாகக் கடைசிச் சுற்றில் தோற்கிறாய் என்பதை மறுபடி மறுபடி வாசித்தேன். அந்தப் பந்து உன் கைக்குள் தங்கிவிட்டதோ என்று பயந்தேன். ஆட்டத்துக்கு முன்னால் உன்னைப் பார்த்து, இனி யாருக்காகவும் எதையும் விட்டுக்கொடுக்காதே என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் செக்ரட்டரி துரையிடம் லீவு கேட்டு ரயில் ஏறினேன். ரயில் நாவலப்பிட்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டது. நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது கடைசி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பின்னால் தூணோரமாக நின்றேன்.

உன்னை எதிர்த்து ஆடியவர் நரை விழுந்த ஒரு பெரிய மனிதர். நல்ல ஆட்டக்காரர். பக்கத்தில் நின்றவரிடம் அவர் யார் என்று கேட்டேன். "அந்தப் பையன் வேலை செய்ற கம்பனி மேனேஜர்தான். அவருதான் இவனுக்கு வேலையே குடுத்தது" என்றார். புள்ளிப் பலகையைப் பார்த்தேன். பதினெட்டுக்குப் பதினெட்டு. இனி அந்த உயரப் பந்து வரும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். பந்து மேசையில் படும் சத்தம், சனம் மூச்சை இழுக்கும் சத்தம், பிறகு கைதட்டல். மூன்று முறை கைதட்டல் கேட்டது. அத்தனையும் மேனேஜருக்குத்தான் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது அம்பயர் உன் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தார். நீ ஜெயித்துவிட்டாய். அப்பன் கண்ணை மூடிக்கொண்டு நின்ற நேரத்தில் நீ ஜெயித்தாய். அந்த நிமிஷம் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஐயோ, இவன் வேலை போய்விடுமே என்ற பயம்தான் முதலில் வந்தது. இத்தனை தெரிந்த பிறகும் அதுதான் வந்தது. என்னை நினைத்து நானே வெறுத்துப்போனேன்.

அதற்குள் நீ என்னைப் பார்த்துவிட்டாய். துவாலையோடு வந்து முன்னால் நின்றாய். "அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?" என்றுதான் கேட்டாய். நான் தலையை ஆட்டினேன். மேனேஜரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, இவர் யார் என்று சிங்களத்தில் கேட்டார். தெரிந்தவர் என்று நீ சொல்லியிருந்தால் நான் சந்தோஷமாகத் திரும்பியிருப்பேன். "என் அப்பா. எனக்கு ஆடப் பழக்கியவர் இவர்தான்" என்றாய். அவர் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். தோற்ற மனிதர், உனக்குச் சம்பளம் கொடுக்கிறவர், சிரித்துக்கொண்டு கையை நீட்டுகிறார். அந்தக் கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து 'சலாங்க' என்று சொல்லி, அம்மா உனக்காகச் சுட்டுக் கொடுத்தனுப்பிய அதிரசப் பொட்டலத்தை அவர் கையில் வைத்துவிட்டேன். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஏதோ சொல்லிவிட்டு ஓடினேன். கோட்டை ஸ்டேஷனுக்கு வந்து பார்த்தால் ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறக்கும். வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே சொல்கிற பேச்சை அவர்கள் நம்மைப் போலச் சிரித்துக்கொண்டு கேட்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வை. பிள்ளை ஒரு காரியம் செய்தால், ஏன் செய்தாய் என்று கேள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திரு. நான் கேட்ட கேள்வியில் பதிலையும் நானே வைத்துத்தான் கேட்டேன். உன் ஆட்டத்தைப் பற்றியும் ஒன்று உண்டு, பழக்கியவன் என்று நீ சொன்ன தைரியத்தில் எழுதுகிறேன். கண்ணை மூடும் முன் நான் பார்த்த கொஞ்ச நேரத்தில் கவனித்தது இது. புறங்கைப் பக்கம் அடித்துவிட்டு நடுவுக்குத் திரும்பும்போது உன் இடது கால் பிந்துகிறது. உன் வலது பக்கத்தைத் திறந்தே விட்டுவிடுகிறாய். தேசியப் போட்டியில் வருகிறவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இருக்கிற ஒரு மாதத்தில் அதைச் சரிசெய். கயிற்றைக் கட்டிக்கொண்டு ஓடு.

போட்டியைப் பார்க்க அம்மா வர வேண்டுமாம். இத்தனை வருஷத்தில் உன் ஆட்டம் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. கங்காணியிடம் லீவுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டாள். நான் வரலாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் ஹட்டனில் அவளை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இவ்வளவும் எழுதி முடித்து, சாயந்தரம் அம்மா வந்ததும் முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே, "எல்லாம் எழுதியிருக்கீங்க. மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்தை இல்லியே இதுல?" என்றாள். அப்படி இருக்காது என்று சொல்லி, விளக்கடியில் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. இத்தனை தாளில் எங்கேயும் அது இல்லை.

என்னை மன்னித்துவிடு, சிவனு.

அப்பா